அட்வைசர் லேபில் பணம் இருக்கிறதா? சேரும் முன்பே தேடிப் பார்ப்பது எப்படி

பிஎச்டி மூன்றாம் வருடம். ஒரு வியாழக்கிழமை குழுக் கூட்டத்தில் எங்கள் பேராசிரியர் ஸ்லைடு எதுவும் போடாமல் உட்கார்ந்திருந்தார். "ரினியூவல் வரவில்லை. அடுத்த செமஸ்டரிலிருந்து நீங்கள் மூன்று பேரும் டிஏ பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். அதாவது லேபின் ஆராய்ச்சி நிதியான கிராண்ட் புதுப்பிக்கப்படவில்லை; இனிச் சம்பளத்துக்கு டிஏ, அதாவது பாடம் நடத்த உதவும் வேலை, பார்க்க வேண்டும். அந்த மூன்று பேரில் நான் ஒருவன். அப்புறம் இரண்டு செமஸ்டர் வாரத்துக்கு இருபது மணி நேரம் முதலாண்டு மாணவர்களின் லேப் ரிப்போர்ட்டைத் திருத்தினேன். என் சோதனைகள் ராத்திரிக்குத் தள்ளிப்போயின. பட்டம் கிட்டத்தட்ட ஒரு வருடம் தள்ளிப்போனது.

பேராசிரியர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் கிராண்ட் எந்த மாதம் முடிகிறது என்பது, நான் அட்மிஷன் வாங்கிய நாளிலேயே எல்லோரும் பார்க்கக்கூடிய அரசு இணையதளத்தில் கிடந்தது. கால் மணி நேர வேலை. பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கால் மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வைத்தே எழுதியிருக்கிறேன். மற்ற நாடுகளுக்கும் நடுவில் ஒரு பகுதி உண்டு.

முதலில்: உங்கள் சம்பளம் யார் பையிலிருந்து வரப்போகிறது?

இதற்குப் பதில் தெரியாமல் தேட இறங்கினால் நேரம்தான் வீண். பிஎச்டி மாணவருக்குப் பணம் நான்கு வழிகளில் வரும். பேராசிரியரின் கிராண்டிலிருந்து ஆராய்ச்சி உதவியாளருக்கு வரும் ஆர்ஏ. பாடம் நடத்த உதவுவதற்காகத் துறை தரும் டிஏ. மாணவர் பெயரிலேயே வரும் ஃபெலோஷிப். துறைக்கு மொத்தமாக வரும் பயிற்சி கிராண்ட். இதில் கடைசி இரண்டிலும் பெரும்பாலும் குடியுரிமை குறுக்கே நிற்கும். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் தரும் ஜிஆர்எஃப்பி ஃபெலோஷிப்பும், மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் தேசிய சுகாதார நிறுவனங்களான என்ஐஎச் தரும் டி32 பயிற்சி இடங்களும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு நடைமுறையில் மிஞ்சுவது ஆர்ஏ, டிஏ, பல்கலைக்கழகமே தரும் ஃபெலோஷிப். ஆகவே வெளிநாட்டு மாணவர் அட்வைசரின் கிராண்டை மற்றவர்களைவிட ஒரு படி உன்னிப்பாகவே பார்க்க வேண்டும்.

துறைக்குத் துறையும் மாறும். கணிதத்தில் பெரும்பாலோர் ஐந்து வருடமும் டிஏவிலேயே ஓட்டிவிடுவார்கள். அங்கே அட்வைசரின் கிராண்ட் கோடை மாதச் சம்பளத்துக்கும் கருத்தரங்குப் பயணத்துக்கும்தான் உதவும். உயிரியலில் முதல் வருடம் துறையே பார்த்துக்கொள்ளும். சில லேப்களில் கொஞ்ச காலம் வேலை பார்த்துப் பார்க்கும் ரொட்டேஷனை முடித்து ஒரு லேபில் சேர்ந்த பிறகு செலவு பேராசிரியர் தலையில் விழும். பொறியியலில் பல இடங்களில் முதல் நாளிலிருந்தே பேராசிரியரின் பணம்தான். வேதியியல் இவற்றுக்கு நடுவில். நீங்கள் போகும் துறை எந்த ரகம் என்பதைத் துறையின் இணையப் பக்கமே சொல்லிவிடும்.

பெயர்களைச் சேகரியுங்கள்

பேராசிரியரின் முழுப் பெயர், நடுப்பெயரின் முதலெழுத்து, இதற்கு முன் இருந்த பல்கலைக்கழகம், கூட்டாகக் கட்டுரை எழுதும் இரண்டு மூன்று பேர். லேப் பக்கத்தில் சிவி இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான குடும்பப்பெயர் என்றால் ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். பல்கலைக்கழகப் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் தப்பிக்கலாம்.

என்ஐஎச் ரிப்போர்ட்டர்: ஒரு எண்ணைப் பிரித்துப் படிப்பது

மருத்துவம், உயிரியல், உயிர்வேதியியல், நரம்பியல், உயிர்மருத்துவப் பொறியியல் என்றால் முதலில் போக வேண்டிய இடம் என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்ற இணையதளம். கணக்கு எதுவும் திறக்க வேண்டாம். முதன்மை ஆய்வாளர் பெட்டியில் பெயரைப் போட்டால் போதும். வழக்கமாக அது நடப்பில் உள்ள திட்டங்களை மட்டும் காட்டும். ஒரு தடவை அப்படியே பாருங்கள். பிறகு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு எல்லா வருடங்களுக்கும் தேடுங்கள். லேபின் வரலாறு இந்த இரண்டாவது தேடலில்தான் தெரியும்.

முடிவில் ஒரு திட்ட எண் வரும். கற்பனையாக இப்படி வைத்துக்கொள்வோம்: 5 ஆர்01 ஜிஎம்000000-03. பார்க்க வண்டி நம்பர் மாதிரி இருந்தாலும் நமக்கு வேண்டியதில் பாதி இதிலேயே இருக்கிறது.

முதல் இலக்கம் விண்ணப்பத்தின் வகை. 1 என்றால் புத்தம் புதிய கிராண்ட். 2 என்றால் போட்டியில் ஜெயித்துப் புதுப்பித்தது. 3 என்றால் ஏற்கெனவே உள்ள கிராண்டுக்கு மேல் கொடுத்த கூடுதல் தொகை. 5 என்றால் வழக்கமான அடுத்த வருடத் தவணை. 7 என்றால் பேராசிரியர் பல்கலைக்கழகம் மாறியபோது கிராண்டும் கூடவே வந்திருக்கிறது.

அடுத்து வருவது கிராண்டின் ரகம். ஆர்01 தான் பெரும்பாலான லேப்களின் முதுகெலும்பு. சாதாரணமாக நான்கைந்து வருடம் ஓடும். எளிய பட்ஜெட் முறையில் கேட்டால் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை நேரடிச் செலவுக்குக் கேட்கலாம். பெரிய ஆர்01கள் இதைத் தாண்டும். ஆர்21 ஒரு சோதனை முயற்சிக்கான சின்னக் கிராண்ட். இரண்டே வருடம், மொத்தம் 2,75,000 டாலர் நேரடிச் செலவு, புதுப்பிக்கவும் முடியாது. ஆர்21ஐ மட்டும் நம்பி மாணவர் எடுக்கிறார் என்றால் அடுத்து என்ன என்று கேட்டே ஆக வேண்டும். ஆர்00 என்றால் புதிதாகப் பேராசிரியர் ஆனவர். பிஎச்டிக்குப் பிந்தைய போஸ்ட்டாக் காலத்தில் வாங்கிய கே99 விருதின் தொடர்ச்சி அது, மூன்று வருடம் வரும்.

ஆர்35ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மூத்த பேராசிரியரிடம் ஒரே ஒரு ஆர்35 மட்டும் இருப்பதைப் பார்த்து, "பெரிய ஆள் என்றார்களே, ஒரு கிராண்ட்தான் இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். பொது மருத்துவ அறிவியல் நிறுவனம் தரும் அந்த ஐந்து வருட விருதுக்காக, அதே நிறுவனத்திடமிருந்து வந்த பழைய ஆர்01களை அவர் விட்டுக்கொடுத்திருப்பார். எண்ணிக்கை குறைவு, ஆனால் பிடிமானம் அதிகம்.

ரகத்துக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்து எந்த நிறுவனம் கொடுக்கிறது என்பதைச் சொல்லும். சிஏ என்றால் புற்றுநோய், என்எஸ் என்றால் நரம்பியல், ஏஐ என்றால் ஒவ்வாமையும் தொற்றுநோயும். கடைசியில் உள்ள 03தான் எனக்குப் பிடித்த இடம்: கிராண்டின் எத்தனையாவது வருடம் என்று அது சொல்கிறது. அங்கே 14 என்று இருந்தால் இந்தத் திட்டம் ஏற்கெனவே இரண்டு தடவையாவது புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே கேள்வியில் பதினான்கு வருடம் விடாமல் பணம் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

திட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் இரண்டு ஜோடித் தேதிகள் இருக்கும். பட்ஜெட் தொடக்கம், முடிவு என்பது இந்த ஒரு வருடத் தவணைக்கு. திட்டத் தொடக்கம், முடிவு என்பது மொத்தக் கிராண்டுக்கு. நமக்கு வேண்டியது திட்ட முடிவுத் தேதி. அவசரத்தில் முதலாவதைப் பார்த்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கிராண்ட் காலம் முடிந்தும் பணம் கொஞ்சம் மிச்சமிருந்தால், புதிய பணம் எதுவும் வாங்காமல் கடைசித் தேதியை மட்டும் பன்னிரண்டு மாதம் வரை நீட்டிக்கொள்ளலாம். தளத்தில் அது நடப்புத் திட்டமாகவே தெரியும். வரலாறு என்ற பகுதியைப் பாருங்கள். கடைசியாகப் பணம் வந்த நிதியாண்டு முடிந்து வெகு நாளாகியும் முடிவுத் தேதி மட்டும் தள்ளிப்போயிருந்தால், லேப் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2026 நிதியாண்டு 2025 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது.

தொகையைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள்

ரிப்போர்ட்டர் தேடல் பட்டியலில் காட்டுவது மொத்தத் தொகை. அதில் ஒரு பங்கு மேல்செலவு என்ற பெயரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது: கட்டடம், மின்சாரம், நிர்வாகம். பல பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இதன் விகிதம் நேரடிச் செலவில் 50 முதல் 60 சதவீதம் வரை இருந்துவந்திருக்கிறது. ஆகவே தளத்தில் 3,90,000 டாலர் என்று கண்ணில் பட்டால், 56 சதவீத மேல்செலவு உள்ள இடத்தில் லேப் கைக்கு வருவது ஏறக்குறைய 2,50,000. மாணவர் டியூஷன், பெரிய கருவிகள் போன்றவற்றுக்கு மேல்செலவு பிடிக்க மாட்டார்கள் என்பதால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நமக்கு அந்த அளவு துல்லியம் தேவையில்லை.

பல ஆய்வாளர்கள் சேர்ந்து வாங்கிய கிராண்டில் உங்கள் பேராசிரியரின் பங்கு எவ்வளவு என்று தளம் சொல்லாது. நான்கு பேர் பெயர் இருந்தால் நான்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

என்எஸ்எஃப் பக்கம்

இயற்பியல், கணினி அறிவியல், பொறியியல், புவியியல், சூழலியல் என்றால் என்எஸ்எஃப் விருதுத் தேடல். இங்கே தேடும்போது துணை ஆய்வாளர்களையும் சேர்த்துத் தேடும் கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆள் இரண்டாவது பெயராக இருக்கும் கிராண்டுகள் நழுவிப்போகும். முடிந்துபோனவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

விருது எண் ஏழு இலக்கம். முதல் இரண்டு இலக்கமும் விண்ணப்பம் போன நிதியாண்டு. 23-இல் தொடங்கினால் 2023. என்எஸ்எஃப்பில் பல கிராண்டுகள் மூன்று வருடம்தான். ஒரு மாணவர், பேராசிரியருக்குக் கோடைச் சம்பளம், கொஞ்சம் பயணச் செலவு; அதற்கு மேல் பெரும்பாலும் தாங்காது. இளம் பேராசிரியர்களுக்கான கேரியர் விருது மட்டும் ஐந்து வருடம், குறைந்தது 4,00,000 டாலர். அது கையில் இருந்தால் ஒரு மாணவரின் முழுப் பிஎச்டியைக் கிட்டத்தட்ட ஓட்டிவிடலாம்.

பக்கத்தில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்தமாகத் தர நினைத்த தொகை, இதுவரை தந்த தொகை. இரண்டும் ஒன்றாக இருந்தால் முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. இதுவரை தந்தது குறைவாக இருந்தால் வருடாவருடம் தவணையாக வருகிறது. தவணைக் கிராண்டில் அடுத்த வருடத் தொகை அந்த வருட அரசு பட்ஜெட்டைப் பொறுத்தது.

கூட்டு ஆராய்ச்சி என்று தலைப்பு தொடங்கினால், அதே தலைப்பில் வேறு பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனி விருதுகள் இருக்கும். நீங்கள் பார்க்கும் பக்கத்தில் உள்ள தொகை உங்கள் பல்கலைக்கழகத்தின் பங்கு மட்டும். ரிப்போர்ட்டரைவிட இது வசதி.

எந்தத் தளமானாலும் சுருக்கவுரையை முழுக்கப் படியுங்கள். நீங்கள் மூன்று வருடம் உட்கார்ந்து செய்யப்போகும் வேலையின் முன்னறிவிப்பு அது. கிராண்டில் எழுதியிருப்பதைத்தான் ஆர்ஏ செய்ய வேண்டும். நேர்காணலில் பேராசிரியர் உற்சாகமாகப் பேசிய அந்தப் புதிய யோசனைக்குக் கிராண்டே இல்லை, பணம் இருப்பது முற்றிலும் வேறொன்றுக்கு என்பதும் இங்கேதான் தெரியவரும்.

அமெரிக்காவுக்கு வெளியே

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமைப்பே வேறு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மாணவர் இடத்தோடு பணமும் பெரும்பாலும் ஒட்டியே வரும்; விளம்பரத்திலேயே எத்தனை வருடத்துக்கு என்று போட்டிருப்பார்கள். சரிபார்க்க உதவும் தளங்கள்: பிரிட்டனுக்கு அரசு ஆராய்ச்சி நிதி அமைப்பான யுகேஆர்ஐயின் கேட்வே டு ரிசர்ச், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், ஜெர்மனிக்கு கெப்ரிஸ், கனடாவுக்கு என்செர்க் விருதுப் பட்டியல், ஜப்பானுக்குக் காக்கென், சுவிட்சர்லாந்துக்கு எஸ்என்எஸ்எஃப் தரவுத்தளம். கெப்ரிஸில் தொகை இருக்காது, திட்டமும் காலமும் மட்டும் இருக்கும். கார்டிஸில் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் கிராண்ட் கண்ணில் பட்டால் நல்ல சகுனம்: தொடக்கநிலைக்கு 15 லட்சம் யூரோ வரை, நடுநிலைக்கு 20 லட்சம் வரை, மூத்தவர்களுக்கு 25 லட்சம் வரை, ஐந்து வருடத்துக்கு.

ஜெர்மனியில் கிராண்டைவிட உங்கள் ஒப்பந்தத்தின் காலமும் சதவீதமும்தான் முக்கியம். 65 சதவீத வேலை என்று போட்டிருந்தால் சம்பளம் 65 சதவீதம். லேபில் இருக்கும் நேரம் மட்டும் நூறு சதவீதமாக இருக்கும்.

தரவுத்தளத்தில் சிக்காத பணம்

தேடினீர்கள், ஒன்றும் வரவில்லை. உடனே ஓட வேண்டாம். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் ஸ்டார்ட்அப் என்று ஒரு தொகை கொடுத்திருக்கும். கருவி வாங்கவும் முதல் சில மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அதுதான். எந்தப் பொதுத் தளத்திலும் அது வராது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஸ்டார்ட்அப் எந்த வருடம் வரை செல்லும்? சில இடங்களில் அதற்குக் காலக்கெடு உண்டு, சில இடங்களில் இல்லை.

அடுத்தது தனியார் அறக்கட்டளைகள். ஹோவர்டு ஹியூஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் என்றால் ஏழு வருடத் தவணை. அவர்கள் லேபில் என்ஐஎச் பணம் குறைவாகத் தெரிந்தாலும் கவலைப்பட வேண்டாம். பேக்கர்டு ஃபெலோஷிப் ஐந்து வருடத்துக்கு 8,75,000 டாலர். ஸ்லோன் ஃபெலோஷிப்புக்குப் பெயர் பெரிது, தொகை 75,000 டாலர்தான். அதை வைத்து ஒரு மாணவரை இரண்டு வருடம்கூட ஓட்ட முடியாது. இவை சிவியிலும் துறைச் செய்திகளிலும் பெருமையாகப் போட்டிருக்கும். கூடுதலாகத் தோண்ட வேண்டுமானால், அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் வருடாவருடம் தாக்கல் செய்யும் 990-பிஎஃப் வரிப் படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் உண்டு. புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் அதைத் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. நான் இவ்வளவு தூரம் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் வெறும் ஆர்வக்கோளாறில்.

பாதுகாப்புத் துறை, எரிசக்தித் துறை, நாசா பணத்தை அமெரிக்க அரசின் செலவுகளைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் பார்க்கலாம். ஆனால் அது பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கும், பேராசிரியர் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கிராண்ட் எண் கையில் இருந்தால்தான் வேலை சுலபம். எண்ணுக்கு எங்கே போவது? அவருடைய கட்டுரைகளின் கடைசிப் பக்கத்துக்கு.

நன்றியுரைப் பகுதியை நம்மில் யாரும் படிப்பதில்லை. கடந்த இரண்டு வருடத்தில் அந்த லேபிலிருந்து வந்த ஐந்து கட்டுரைகளை எடுத்து, நன்றியுரையை மட்டும் படியுங்கள். பணம் கொடுத்த எல்லோர் பெயரும் எண்ணோடு இருக்கும், நிறுவனங்கள் உட்பட. எந்த மாணவர் தன் சொந்த ஃபெலோஷிப்பில் இருக்கிறார் என்பதும் பெயரின் முதலெழுத்துகளோடு இருக்கும். எல்லா மாணவர்களும் வெளி ஃபெலோஷிப்பிலேயே இருக்கிறார்கள் என்றால் இரண்டு அர்த்தம் உண்டு: பேராசிரியர் மாணவர்களை நன்றாக விண்ணப்பிக்க வைக்கிறார், அல்லது கையில் பணம் இல்லாததால் ஃபெலோஷிப் உள்ளவர்களை மட்டும் எடுக்கிறார். எது என்பது மாணவர்களோடு பேசினால்தான் தெரியும்.

நிறுவனப் பணமும், பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா மாதிரி கட்டம் கட்டமாக வரும் பணமும் தனி ரகம். தொகை பெரிது. ஆனால் குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட இலக்கைக் காட்ட வேண்டும். ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்ததற்கு அனுமதி கிடைக்காமலும் போகலாம். உங்கள் தீசிஸ் அந்தக் காலக்கெடுவுக்கு ஆட வேண்டியிருக்கும்.

ஒரு தாளை எடுங்கள்

தேடி எடுத்ததை எல்லாம் ஒரே தாளில் வரைய வேண்டும். இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளை மறந்தாலும் இந்தப் படத்தை மட்டும் வரையுங்கள். மேலே வருடங்கள், நீங்கள் சேரும் மாதத்திலிருந்து ஐந்தரை வருடத்துக்கு. கீழே ஒவ்வொரு கிராண்டுக்கும் ஒரு கோடு, முடிவுத் தேதியில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே லேபில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு, அவர் போகப்போகும் வருடம் வரை.

ஒரு கற்பனை லேபை வைத்துப் பார்ப்போம். நீங்கள் 2026 ஆகஸ்டில் சேருகிறீர்கள். லேபில் ஒரு ஆர்01 இருக்கிறது, 2028 ஜூன் வரை, நேரடிச் செலவுக்கு வருடம் 2,50,000. ஒரு என்எஸ்எஃப் கிராண்ட் 2026 செப்டம்பரில் முடிகிறது, அதாவது நீங்கள் பெட்டியை இறக்கி வைத்த அடுத்த மாதமே. ஆட்கள்: இரண்டு போஸ்ட்டாக், ஐந்து மாணவர்கள். மாணவர்களில் இரண்டு பேர் ஐந்தாம் வருடத்தில் இருக்கிறார்கள், கோடையில் கிளம்பிவிடுவார்கள். மீதி மூன்று பேர், உங்களோடு நான்கு.

என்ஐஎச் 2024-இல் நிர்ணயித்த முதலாண்டு போஸ்ட்டாக் ஊதியம் 61,008 டாலர். காப்பீடு முதலான சலுகைகளையும் சேர்த்து ஆளுக்கு 77,000 என்று வைத்தால் இரண்டு பேருக்கு 1,54,000. மாணவருக்கு ஸ்டைபெண்டு, டியூஷன், காப்பீடு எல்லாம் சேர்த்து இந்தக் கற்பனை லேபில் 55,000. நான்கு பேருக்கு 2,20,000. கூட்டினால் 3,74,000. வரவோ 2,50,000. ஒரு பிப்பெட் முனைகூட வாங்கவில்லை, அதற்குள் 1,24,000 டாலர் துண்டு விழுகிறது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று இந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிடத் தோன்றும். பொறுங்கள். ஒரு போஸ்ட்டாக் சொந்த ஃபெலோஷிப்பில் இருக்கலாம். இரண்டு மாணவர்கள் டிஏவில் இருக்கலாம். நன்றியுரையில் பார்த்த அறக்கட்டளைப் பணம் இந்தப் பள்ளத்தை நிரப்பலாம். பேராசிரியருக்கு நேற்றுத்தான் புதிய கிராண்ட் உறுதியாகியிருக்கலாம்; தளத்தில் ஏறக் கொஞ்ச நாளாகும். இந்தத் தாள் தீர்ப்பு சொல்லாது. எந்த மாதத்தைப் பற்றி, எந்தக் கிராண்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்லும். மேலே உள்ள லேபில் கேள்வி இரண்டு: 2026 அக்டோபரில் என்ன? 2028 ஜூலையில் என்ன?

இரண்டாவது தேதிதான் பலருக்குத் தட்டுப்படாது. சேரும் வருடத்தில் எந்த லேபுமே செழிப்பாகத்தான் தெரியும். பணம் இருப்பதால்தான் ஆள் எடுக்கிறார்கள். கிராண்ட் ஐந்து வருடம், அதில் இரண்டு ஓடிய பிறகு நீங்கள் சேருகிறீர்கள் என்றால் உங்கள் மூன்றாம் வருடக் கடைசியில் அது தீரும். அது சரியாகத் தகுதித் தேர்வு முடிந்து ஆராய்ச்சி சூடு பிடிக்கும் நேரம். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வரலாற்றையும் அதே தாளில் பின்னோக்கி வரையுங்கள். பதினைந்து வருடத்தில் எத்தனை தடவை எல்லாக் கோடும் அறுந்து இடைவெளி விழுந்திருக்கிறது? ஒரு தடவை விழுந்து எழுந்தவர் பரவாயில்லை, யாருக்கும் நடப்பதுதான். அந்த இடைவெளி வருடங்களில் லேபில் இருந்த மாணவர்கள் பட்டம் வாங்கினார்களா என்று பழைய மாணவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்க வேண்டியவர்கள், கேட்கும் விதம்

முதல் மின்னஞ்சலிலேயே பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு தடவை பேசிய பிறகு, அல்லது அட்மிஷன் கையில் வந்த பிறகு கேளுங்கள். அப்போது கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஐந்து வருடம் வேலை பார்க்கப்போகும் இடத்தில் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பதை நியாயமான பேராசிரியர் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "ஃபண்டிங் எப்படி இருக்கிறது?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்பார், பேச்சு முடிந்துவிடும். தேடிப் படித்ததைக் காட்டிக் கேளுங்கள்: "உங்கள் ஆர்01 2028 ஜூனில் முடிவதாகப் பார்த்தேன். ரினியூவல் எப்போது அனுப்பத் திட்டம்? நான் சேர்ந்தால் அந்தத் திட்டத்தில் இருப்பேனா, வேறு ஒன்றிலா?" அப்புறம் இன்னொன்று: "இடையில் பணம் தடைப்பட்டபோது மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு கதை வரும், துறை இடைக்கால உதவி கொடுத்தது, டிஏ போட்டோம் என்று. "அப்படி நடந்ததே இல்லை" என்று சொல்கிறவரின் வரலாற்றுக் கோட்டில் இரண்டு வருட இடைவெளி தெரிந்தால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மாணவர்களிடம் பேராசிரியர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். எழுத்தில் கேட்காதீர்கள், போனில் கேளுங்கள். எனக்குப் பிறகு வந்த ஒரு தம்பி வேறொரு லேபில் இருந்த நாலாம் வருட மாணவியோடு பேசியபோது பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உங்க லேப்ல யாராவது நடுவுல டிஏ பண்ண வேண்டி வந்துச்சா?"

"எல்லாருக்கும் ஒரு செமஸ்டர் உண்டு, அது துறை விதி. அதுக்கு மேல யாரும் பண்ணல."

"கோடைல?"

கொஞ்ச நேரம் மௌனம். "கோடைல போன வருஷம் ரெண்டு பேருக்குப் பாதிதான் கிடைச்சுது. அதைக் கேட்டே சேருப்பா."

கோடை. இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. டிஏ பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்குத்தான். மீதி மூன்று மாதம் யார் தருகிறார்கள் என்பது லேபுக்கு லேப் மாறும். வேதிப்பொருள் ஆர்டர் போட எத்தனை நாள் ஆகிறது, கருத்தரங்குக்குப் போகப் பணம் கிடைக்கிறதா, பட்டம் வாங்காமல் யாராவது போனார்களா என்பதையும் இதே போனில் கேட்டுவிடுங்கள். ஆர்டர் தாமதமாகத் தொடங்கினால் லேபில் பணம் இறுகத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆஃபர் கடிதம்

தேடல் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் உங்களைக் காப்பாற்றுவது இந்த ஒரு தாள். எத்தனை வருடம் என்று எண்ணால் போட்டிருக்கிறதா? ஒன்பது மாதமா, பன்னிரண்டு மாதமா? டியூஷனும் காப்பீடும் சேர்த்தியா? உறுதி தருவது யார்: பல்கலைக்கழகமா, துறையா, பேராசிரியரா? "நிதி இருப்பைப் பொறுத்து" என்ற சொற்றொடர் எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கடிதங்களில் அது ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். ஐந்து வருட உறுதிக்குப் பக்கத்திலேயே அது இருந்தால், அட்வைசரின் பணம் தீர்ந்தால் துறை டிஏ தருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்துக்குக் காட்டும் பணம் முதல் வருடத்துக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். விசா கிடைத்தது என்பதற்காக ஐந்து வருடமும் உறுதி என்று ஆகிவிடாது.

அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட தீர்மானத்தின்படி, நிதியுதவியோடு வரும் ஆஃபருக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு.

2025-இல் என்ஐஎச், என்எஸ்எஃப் இரண்டுமே ஓடிக்கொண்டிருந்த கிராண்டுகள் பலவற்றை நடுவிலேயே நிறுத்தின. சில நீதிமன்றம் வரை போய்த் திரும்பக் கிடைத்தன. மேல்செலவை 15 சதவீதமாகக் குறைக்கும் அறிவிப்பும் அதே வருடம் வந்து நீதிமன்றத்தில் தடைபட்டது. பல துறைகள் அந்த வருடம் பிஎச்டி இடங்களைக் குறைத்தன. அதனால் டிசம்பரில் விண்ணப்பிக்கும்போது வரைந்த தாளை அப்படியே நம்ப வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்தில் அதே பக்கங்களை இன்னொரு தடவை திறந்து, ஒவ்வொரு கோட்டின் முடிவுத் தேதியும் டிசம்பரில் இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இன்னும் சீக்கிரம் முடிவதாக மாறியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் பேராசிரியருக்கு ஒரு போன் போடுங்கள்.